பிரேக் மாஸ்டர் டேப் வாங்க யோசித்த கதை

இது எந்த மாதத்தில் நடந்தது என்று கேட்டால் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. மழை பெய்துகொண்டிருந்தது என்றார் மாஸ்டர். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது என்றார் அவர் மனைவி. இருவரிடமும் ஆளுக்குப் பாதி கேட்டு நானே தைத்துக்கொண்ட கதை என்பதால் தையல் சில இடங்களில் கோணலாக இருக்கலாம். ஆனால் நாற்காலி போனது உண்மை. நான் கீழ்வீட்டில் குடியிருப்பவன். அதைப் படியில் இறக்கும்போது என் வீட்டுக் கதவில் விழுந்த கீறல் இன்னும் இருக்கிறது.

மாஸ்டரிடம் கார் பழகும் பல் டாக்டரம்மா வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்ததிலிருந்து ஆரம்பிக்கலாம். பக்கத்து இருக்கையில் மாஸ்டர் செல்போனில் மூழ்கியிருந்தார்.

"மாஸ்டர், பின்னாடி சுவர் வருது."

"சுவர் வராதும்மா. நாமதான் போறோம்."

சொல்லிக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காலை அழுத்தினார். வண்டி நின்றது.

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளின் வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதில் கால் வைத்தே தலை நரைத்தவர் மாஸ்டர். அதனால் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். பேச்சு மிகக் குறைவு. 'நிறுத்து' என்று கத்துவதைவிட, காலை அழுத்திவிட்டுச் சும்மா இருப்பது நல்லது என்று தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

சிக்கல் என்னவென்றால், வீட்டிலும் அவர் அப்படியே இருந்தார். மனைவி எடுத்த முடிவு பிடிக்கவில்லையென்றால், உட்கார்ந்த இடத்திலிருந்தே வலது காலால் தரையை அழுத்துவார். அழுத்தியதும், எதிர்ப்பைத் தெரிவித்தாகிவிட்டது என்று மனம் சமாதானமாகிவிடும். தரையில் பிரேக் கிடையாது என்ற விஷயத்தை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு டேப்பின், அதாவது கையகலக் கணினியின், அறிமுக விழா. புத்தம் புதிதாக அன்றுதான் அறிவித்திருந்தார்கள். இறுக்கமான சட்டை போட்ட ஒருவர் மேடையில் அங்குமிங்கும் நடந்து, தன் தலைப்பிள்ளையைத் தூக்கிக் காட்டுவதுபோல அதைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கை தட்டியது. பழைய மாடலைப் பக்கத்தில் வைத்து, ஒப்பிட்டு, அதைச் செங்கல் என்று சொல்லி அவமானப்படுத்தினார். கூட்டம் அதற்கும் கை தட்டியது.

இந்த வீடியோவை மாஸ்டருக்கு அனுப்பியவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கை கணவர். சந்தைக்கு எது வந்தாலும் முதல் ஆளாக வாங்கி, அடுத்தது வந்ததும் முந்தையதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்பவர். குடும்பத்தில் அவருக்குப் 'புதுசு' என்று பட்டப்பெயர். மாஸ்டர் இதற்கு நேர்மாறு. துணி துவைக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், அவர் மனதில் வைத்திருந்த கம்பெனியே இழுத்து மூடப்பட்டுவிட்டது. "பாத்தியா, அவசரப்பட்டு வாங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று மனைவியிடம் அதையும் ஒரு சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் இந்த டேப் அவரை அசைத்துவிட்டது. காரணம் அவருடைய அறை.

பகல் முழுவதும் தன்னைக் கொல்ல வாய்ப்புள்ளவர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். மாலையில் வீடு திரும்பியதும் ஜன்னலோரச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஓர் அலமாரி நிறையப் புத்தகம். ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடக் கூடாது. பாதி நேரம் படிப்பார். மீதி நேரம் புத்தகத்தைப் பிடித்தபடி எதையும் யோசிக்காமல் இருப்பார். அந்த ஒரு மணி நேரம் இருப்பதால்தான் மறுநாளும் வண்டியில் ஏறத் துணிந்தார். சமீபமாக எழுத்துகள் எறும்புகளாகி ஊர ஆரம்பித்திருந்தன. டேப்பில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று சட்டைக்காரர் சொன்னபோது, மாஸ்டருக்கு அவர் தன்னைப் பார்த்தே சொன்னதுபோல் இருந்தது.

"வாங்கிடுங்க மாஸ்டர்" என்றார் பல் டாக்டரம்மா. "பல்லுன்னாலும் சரி, டேப்னாலும் சரி, யோசிக்க யோசிக்க வலிதான் கூடும்."

"அடுத்த மாடல் இதைவிட நல்லா வந்துட்டா?"

"சொத்தைப் பல்லை வச்சுக்கிட்டு, அடுத்த பல் முளைக்கட்டும்னு யாராவது காத்திருப்பாங்களா?"

"அது சரி. முன்னாடி எடுங்க."

டாக்டரம்மா மறுபடியும் பின்னால் எடுத்தார். மாஸ்டர் அழுத்தினார்.

*

வாங்குவதில் ஒரு தடை இருந்தது. மனைவியிடம் சொல்ல வேண்டும். அந்த அம்மாளுக்கு ஒரு பொருள் வீட்டுக்குள் வருகிறது என்றால், எந்தப் பொருள் வெளியே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். மாஸ்டர் புதுசுக்கு போன் போட்டார்.

"அண்ணே, இதுக்கா இவ்வளவு யோசனை? வீட்டுல இருக்கிற புத்தகமெல்லாம் இதுக்குள்ள அடங்கிடும்னு சொல்லுங்க. தூசி தட்டுற வேலை மிச்சம். அக்கா மறுபேச்சே பேசமாட்டாங்க."

மாஸ்டர் அப்படியே போய்ச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாப் புத்தகமுமா?"

"எல்லாம்."

"கல்யாணமான வருஷத்துல இருந்து முதல் அத்தியாயத்துலயே நிக்கிறீங்களே, அந்தக் குண்டுப் புத்தகம்? அதுவுமா?"

"அதுவும்தான்."

மனைவி மேற்கொண்டு பேசவில்லை. மடித்த சட்டையைத் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் மாஸ்டர். பேசாமல் இருப்பவர்கள் எல்லாரும் தன்னைப்போல் சும்மா இருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

மறுநாள் மாலை அறைக் கதவைத் திறந்தால், அலமாரி இருந்த இடத்தில் வெயில் படாமல் நிறம் மங்காத சுவர்தான் இருந்தது.

"தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார் மனைவி. "புது வீடு, சுவரெல்லாம் மொட்டையா இருக்குன்னு புலம்பிட்டிருந்தா."

"புத்தகம்?"

"அலமாரியோடதான். அதான் எல்லாம் உள்ள போயிடும்னீங்களே?"

மாஸ்டர் தரையை நன்றாக அழுத்தினார்.

அவர் கூப்பிடுவதற்கு முன்னால் புதுசே கூப்பிட்டுவிட்டார். நல்ல கோபத்தில் இருந்தார். "என்ன அண்ணே இது? லாரி நிறையப் புத்தகத்தைக் கொண்டுவந்து இறக்கிட்டுப் போறாங்க! நான் எங்க வைப்பேன்? தும்மித் தும்மி மூக்கே கழண்டுடும்போல இருக்கு."

தப்பு செய்தவர்போல் ஆகிவிட்டது மாஸ்டருக்கு. "கோச்சுக்காத சகலை. ஒரு ஓரமா வச்சுக்கோ. சீக்கிரம் எடுத்துக்கறேன்."

"இப்ப எடுத்தீங்கன்னா டேப் கதை கந்தல். அக்கா சந்தேகப்படுவாங்க. பேச்சை வேற பக்கம் திருப்புங்க. அதுக்கு சொந்தமா வெளிச்சம் இருக்கு, இருட்டுலயும் படிக்கலாம்னு சொல்லுங்க."

மாஸ்டர் அதையும் மனைவியிடம் சொன்னார். விளக்கு போனது.

"விளக்குமா!" என்றார் புதுசு போனில். "எங்க வீட்டுல ஏற்கெனவே கண்ணு கூசுது அண்ணே. சரி, வந்தது வந்துடுச்சு. இனிமே பொருள் பேரையே எடுக்காதீங்க. எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகலாம்னு மட்டும் சொல்லுங்க."

அந்த வாக்கியத்தை மாஸ்டர் வண்டியில் உட்கார்ந்து நாள் முழுவதும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் புத்தகம் இல்லை, விளக்கு இல்லை, அலமாரி இல்லை. தொலைந்துபோக அதற்குள் ஒன்றுமே இல்லை. துணிந்து மனைவியிடம் சொன்னார்.

"எங்க வேணாலும்னா? படுத்துக்கிட்டுமா?"

"படுத்துக்கிட்டு, நின்னுக்கிட்டு, மொட்டைமாடியில நடந்துக்கிட்டு. உன் இஷ்டம்."

"அப்போ அந்த நாற்காலி எதுக்கு?"

மாஸ்டரின் கால் அதன் கடமையைச் செய்தது.

அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். இரண்டு கைகளிலும் அவருடைய முழங்கை உட்காரும் இடத்தில் பாலிஷ் போய், மரம் சற்றுக் குழிந்தே இருக்கும். அதைப் படியில் இறக்கியபோது என் கதவில் இடித்தது. வெளியே வந்து பார்த்தேன். நாற்காலிக்குப் பின்னால் மாஸ்டர், இறுதி ஊர்வலத்தில் வருகிறவர்போல் வந்துகொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், நாற்காலி எங்க போகுது?"

மாஸ்டர் ஒரு படியில் நின்று வலது காலை ஓங்கி அழுத்தினார். நாற்காலி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நாற்காலியுமா? என் வீடு என்ன குடோனா அண்ணே?" என்று அன்றைக்குப் புதுசு கிட்டத்தட்ட அழுதுவிட்டார். மாஸ்டர்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

*

இனி அறையில் எடுத்துக்கொண்டு போக ஒன்றுமில்லை, அறை மட்டுமாவது மிஞ்சியது என்று மாஸ்டர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பழகிக்கொண்டார். அப்போதுதான் பயிற்சிப் பள்ளி முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"டேப் வாங்குறீங்களாமே மாஸ்டர்? டாக்டரம்மா சொன்னாங்க."

"இன்னும் யோசனையிலதான் இருக்கு."

"யோசிக்காதீங்க. நல்ல காரியம். நம்ம சாலை விதி வகுப்பு இருக்கே, பின்னாடி ரூம்ல நடத்துறது. பக்கத்துல வெல்டிங் கடை வந்ததுலேர்ந்து, அந்தச் சத்தத்துல 'நில்'னா 'செல்'னு எழுதிக்கிறாங்க. உங்க டேப்பைச் சுவரோரமா நிறுத்தி வச்சா படத்தோட பாடம் நடத்திடலாம்."

"எந்தச் சுவரோரமா?"

"உங்க வீட்டுலதான். ஒரு ரூம் சும்மா கிடக்குதாமே? நேத்து நீங்க எடுக்கலைன்னு வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா சொன்னாங்க. உட்கார நாற்காலி கூட இல்ல, விசாலமா இருக்கும்னு அவங்களே சொன்னாங்க. சாயங்கால நேரம்தானே, உங்களுக்கும் பொழுது போகும்."

முதலாளியின் மேஜைக்கு அடியில் மாஸ்டரின் கால் எவ்வளவு அழுத்தியதோ, தெரியாது. முதலாளி அதைப் பார்க்கவில்லை. மேஜைக்கு முன்பக்கம் பலகை அடித்திருந்தது.

டேப் வருவதற்கு முன்பே வகுப்பு வந்துவிட்டது. தினமும் மாலையில் அறை நிறைய ஆட்கள். ஜன்னல் திட்டில் ஒருவர், வாசற்படியில் ஒருவர். செருப்புகள் என் வீட்டு வாசல்வரை இறங்கிவிட்டன. மேலே கேள்விகள் பறக்கும்.

"மாஸ்டர், ரவுண்டானாவுல யாருக்கு முன்னுரிமை?"

"உள்ள ஏற்கெனவே இருக்கிறவங்களுக்கு" என்பார் மாஸ்டர், அறையைச் சுற்றிப் பார்த்தபடி.

தூக்கம் போனது. ஒருநாள் டாக்டரம்மா சிவப்பு விளக்கில் நிற்காமல் போனபோது அவர் காலை அழுத்தவேயில்லை. தாண்டிப் போன பிறகு, "இப்ப நாம நின்னிருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னார். டாக்டரம்மா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "மாஸ்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்காவிட்டால் அவர் யாரையாவது கொன்றுவிடுவார், அல்லது யாராவது அவரைக் கொன்றுவிடுவார்கள்.

அன்று மாலை கடைசிச் செருப்பும் போன பிறகு மனைவியின் முன்னால் போய் நின்றார். மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு டேப் வேண்டாம்."

"என்ன?"

"வேண்டாம். எனக்கு என் ரூம் போதும். நாற்காலி, விளக்கு, புத்தகம், எல்லாம் திரும்ப வேணும்."

மனைவி கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "ஏங்க, இதை முதல்லயே வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? ஒவ்வொண்ணும் போகும்போது உங்க மூஞ்சியையே பாத்துட்டுத்தானே நின்னேன்? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேனே!"

"அழுத்தினேனே."

"எதை?"

"தரையை."

மனைவி தரையைப் பார்த்தார். அவர் காலைப் பார்த்தார். பிறகு அவரையே பார்த்தார். அந்த வீட்டில் அதுவரை இருந்த மௌனங்களிலேயே நீளமானது அதுதான் என்று இருவருமே என்னிடம் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பாதியும் பொருந்துகின்றன.

"உங்களுக்குக் கால்ல ஏதோ நரம்பு இழுக்குதுன்னு நினைச்சு, மூட்டு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருக்கேன்" என்றார் மனைவி கடைசியாக.

பிறகு எழுந்துபோய் பீரோவைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். "சரி, வேண்டாம்னா வேண்டாம். ஆனா டேப் வந்தாச்சே."

பையிலிருந்து வந்தது புதிய மாடல் இல்லை. மேடையில் சட்டைக்காரர் எதைச் செங்கல் என்று காட்டினாரோ, அது. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"தங்கச்சி வீட்டுக்காரர் இன்னிக்குக் காலையில கொடுத்தனுப்பினார். 'கடையில எதுக்கு அக்கா வாங்குறீங்க, என்னோடதையே அண்ணன் வச்சுக்கட்டும், ஒரு பைசா வேண்டாம்'னுட்டார். தங்கமான மனுஷன். நம்ம சாமானையெல்லாம் அவர் வீட்டுல கொட்டினோம், கொஞ்சம்கூட முகம் கோணலையே!"

மாஸ்டர் அந்த நசுங்கிய மூலையைத் தடவிப் பார்த்தார். பாவம், தும்மிக்கொண்டு, கண் கூசிக்கொண்டு, குடோனில் குடியிருந்துகொண்டு, தன் கையிலிருந்ததையும் கழற்றிக் கொடுத்திருக்கிறான். நாளைக்கே போய்ச் சாமான்களை எடுத்துக்கொண்டு அவன் பாரத்தை இறக்கி வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

*

"இன்னிக்குப் பாடம் எந்தப் பக்கம் மாஸ்டர்?" என்றார் டாக்டரம்மா.

"என் சகலை வீட்டுப் பக்கம். நேரா போங்க. நிறுத்தாதீங்க."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில் டாக்டரம்மா பயந்துபோய் மிகவும் ஒழுங்காக ஓட்டினார்.

கதவைத் திறந்தவர் மனைவியின் தங்கை. "வாங்க மாமா" என்று கிசுகிசுத்தார். "செருப்பை மெதுவா கழட்டுங்க. சத்தம் வந்தா இவருக்குப் பிடிக்காது."

"யாருக்கு, புதுசுக்கா?"

தங்கை விரலை உதட்டில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கூடத்தின் கடைசியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

உள்ளே அவருடைய அறை இருந்தது. அலமாரியில் புத்தகங்கள் அவர் அடுக்கி வைத்த வரிசை மாறாமல் இருந்தன. ஜன்னலோரம் நாற்காலி. அதன் இடது தோளுக்கு மேல் விளக்கு, அவர் வீட்டில் எந்தச் சாய்வில் நின்றதோ அதே சாய்வில். நாற்காலிக் கைகளின் குழிவில் முழங்கைகளைப் பொருத்திக்கொண்டு, மடியில் புத்தகத்தோடு, புதுசு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன் இல்லை. காதில் ஒயர் இல்லை. தும்மல் இல்லை. புத்தகத்தைக்கூட அவர் படிக்கவில்லை. அதைப் பிடித்தபடி எதையும் யோசிக்காமல் இருந்தார்.

அந்த முகத்தை மாஸ்டருக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனால் உள்ளிருந்து அப்படித்தான் இருக்கும்.

"உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று மாஸ்டர் கிசுகிசுத்தார்.

"அட, நல்லாத்தான் இருக்காரு. நீங்க இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கிட்டீங்களே மாமா, உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்றார் தங்கை. "உங்க ரூம் மாதிரியே தனக்கும் ஒண்ணு வேணும்னு போன தடவை உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து கடை கடையா ஏறி இறங்கினாரு. எதுவும் அமையல. அப்புறம்தான், 'இரு, அண்ணனுக்கு ஒரு டேப் ஆசையைக் கிளப்பிவிட்டுப் பாக்கறேன்'னாரு."

*

டாக்டரம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டார். முதலாளி வெல்டிங் கடைக்காரரோடு சமாதானமாகி, பின்னறையையும் அவருக்கே வாடகைக்கு விட்டுவிட்டார். எனவே சாலை விதி வகுப்பு இப்போதும் மேல்மாடியில்தான் நடக்கிறது. டேப்பில் மாஸ்டரின் மனைவி தொடர் பார்க்கிறார். மூட்டு டாக்டர் காலில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். புதுசு தன் வீட்டில் மாலை ஒரு மணி நேரம் யாரோடும் பேசுவதில்லை. அவரிடம் நாற்காலியை மட்டுமாவது திரும்பக் கேட்கலாமா, வேண்டாமா என்று மாஸ்டர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.